ஒரே கம்பி, ஊரெல்லாம் வியாபாரி

2011 கோடையில் அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தபோதுதான் முதல் ஆள் கதவைத் தட்டினான். ஃபிலடெல்ஃபியாவுக்கு மேற்கே, கார் இல்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லிகூட வாங்க முடியாத புறநகர் எங்களுடையது. பையனுக்கு இருபது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவ அட்டை, சட்டை முழுக்க வியர்வை. கரண்ட் பில்லைக் காட்டச் சொன்னான். யூனிட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்துவிட்டு, தங்கள் கம்பெனிக்கு மாறினால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று படிவ அட்டையின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். பென்சில்வேனியாவில் எங்கள் பகுதிக்கு இருந்த விலை உச்சவரம்பு 2010 டிசம்பரோடு முடிந்திருந்தது. அதனால் அந்த வருடம் தெருத்தெருவாக இப்படி ஆட்கள் கிளம்பியிருந்தார்கள்.

அம்மா அவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் போனதும் விசாரணை ஆரம்பித்தது.

"என்னடா, கரண்ட்டு விக்கவா வந்தான்?"

"ஆமாம்மா."

"அப்ப புதுசாக் கம்பி இழுப்பானா?"

"இல்லம்மா, இருக்குற கம்பிதான். மீட்டரும் இதேதான்."

அப்பா மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி அடித்தால் எந்த ஃபீடர் போயிருக்கும் என்று அம்மாவே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் மழுப்ப முடியாது.

"ஒரே கம்பியில வர்றதுல இது அவன் கரண்ட்டு, இது இவன் கரண்ட்டுன்னு யாருடா பிரிச்சுப் பாக்குறது?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எஞ்சினியரிங்கில் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அந்தக் கேள்வி என்னோடு சுற்றிக்கொண்டிருந்தது. இது அதற்கான பதில், தாமதமாக.

யாரும் பிரிப்பதில்லை. பிரிக்கவும் முடியாது. ஓஹையோவில் ஒரு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு எனக்கு மின்சாரம் விற்கிறேன் என்று ஒருவன் சொல்லலாம். ஆனால் அந்த நிலையம் கம்பியில் ஏற்றுகிற மின்சாரம் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்து எங்கள் தெருவுக்கு வருவதில்லை. எந்தப் பாதையில் தடை குறைவோ அந்தப் பாதையில் அதிகமாகவும், தடை கூடிய பாதைகளில் கொஞ்சம் கொஞ்சமாகவும் பிரிந்து ஓடும். பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு நியூயார்க் பக்கம் ஈரி ஏரியைச் சுற்றிக்கொண்டு வரும். விற்றவன் இத்தனை யூனிட் உள்ளே போட்டானா, வாங்கியவன் இத்தனை யூனிட் வெளியே எடுத்தானா என்று கணக்குப் பார்க்கத்தான் முடியும். அந்தக் கணக்கை எழுதுகிறவன் விற்பவனாகவும் இல்லாமல் வாங்குபவனாகவும் இல்லாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இந்த 'இவ்வளவுதா'னுக்கு அமெரிக்கா பட்ட பாடுதான் பெரிய கதை.

எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் வேலி ஃபோர்ஜ் இருக்கிறது. 1777 குளிர்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்த இடம். ஊரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் அங்கே மரக்குடில்களையும் பீரங்கியையும் காட்டக் கூட்டிக்கொண்டு போவோம். அதன் பக்கத்திலேயேதான் பி.ஜே.எம். என்ற அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. பதின்மூன்று மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், 6.5 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். இத்தனை பேருக்கும் எந்த நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொல்வது இவர்கள் வேலை. ஒரு கம்பம் சொந்தமில்லை, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சொந்தமில்லை. அம்மாவைப் பீரங்கி பார்க்கக் கூட்டிப்போனேன், இதைக் காட்டவில்லை. அப்போது எனக்கே அது அங்கே இருப்பது தெரியாது.

இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு அமெரிக்காவில் பெயர் வட்டார மின்தொடரமைப்பு நிறுவனம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆர்.டி.ஓ. நமக்கு ஆர்.டி.ஓ. என்றால் டூவீலரில் எட்டுப் போட்டுக் காட்டும் மைதானம்தான் ஞாபகம் வரும். முதல் தடவை செய்தியில் படித்தபோது நானும் லைசென்ஸ் விவகாரம் என்றுதான் நினைத்தேன்.

பி.ஜே.எம்.முக்கு வயது நூறை நெருங்குகிறது. 1927இல் ஃபிலடெல்ஃபியா, நியூஜெர்சி, உட்பென்சில்வேனியா என்று மூன்று பகுதிகளின் மின்நிறுவனங்கள், சஸ்குவஹானா ஆற்றில் எழுந்துகொண்டிருந்த கோனோவிங்கோ அணையின் மின்சாரத்தையும் தங்கள் நிலையங்களையும் கூட்டாக ஓட்டினால் எல்லோருக்கும் லாபம் என்று ஒப்பந்தம் போட்டன. 1956இல் பால்டிமோர் நிறுவனமும் இன்னொன்றும் சேர்ந்தன. பென்சில்வேனியா, நியூஜெர்சி, மேரிலாண்ட் என்ற முதலெழுத்துகள்தான் பி.ஜே.எம். அது அப்போது பங்காளிகளின் கூட்டு. உள்ளே இருப்பவர்களுக்கு வசதி, வெளியே இருப்பவனுக்கு இடமில்லை.

1996 ஏப்ரலில் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 888 என்ற எண்ணில் ஓர் ஆணை போட்டது. உயரழுத்தக் கம்பி வைத்திருக்கும் நிறுவனம் தன் மின்சாரத்துக்கு என்ன வாடகையோ அதே வாடகைக்கு அடுத்தவன் மின்சாரத்தையும் விட வேண்டும் என்பது சாரம். அந்த வருடம் டிசம்பரிலேயே பென்சில்வேனியா சட்டமன்றம் வீட்டு வாடிக்கையாளரும் தனக்குப் பிடித்த விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் இயற்றியது. காகிதத்தில் எல்லாம் சரி. கம்பியின் சொந்தக்காரன்தான் மின்நிலையத்தின் சொந்தக்காரனும். அவனிடம் போய் உன் கம்பியில் என் சரக்குக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வான்? இன்றைக்கு இடமில்லை என்பான். உண்மையிலேயே இல்லையா, இல்லை என்று சொல்கிறானா என்று கண்டுபிடிக்க, அவன் கட்டுப்பாட்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தால்தான் முடியும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் கையில். அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலம் கிடையாது. அறுவடையில் ஆளாளுக்கு இவ்வளவு என்று நெல் கொடுப்பார்கள், அதுதான் அவர் கூலி. சொந்த வயல் உள்ளவனிடம் மடையைக் கொடுத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு இது புரிய மூன்றரை வருடம் பிடித்தது. 1999 டிசம்பர் 20ஆம் தேதி ஆணை எண் 2000 வந்தது. கம்பி உன்னுடையதாகவே இருக்கட்டும், ஆனால் அதை இயக்கும் அதிகாரத்தை எந்த விற்பனையாளரோடும் ஒட்டு உறவு இல்லாத ஒரு வட்டார அமைப்பிடம் ஒப்படை என்றது. அந்த அமைப்புக்கு நான்கு லட்சணங்கள் சொன்னது: யாரையும் சாராதிருப்பது, போதுமான பரப்பு, கம்பிகளை இயக்கும் அதிகாரம், அன்றாட நம்பகத்தன்மைக்கான பொறுப்பு. இதில் முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பரப்பு ஏன் முக்கியம்? பழைய முறையில் ஒரு சரக்கு மூன்று நிறுவனங்களின் எல்லையைக் கடந்தால் மூன்று பேரும் தனித்தனியே சுங்கம் வாங்குவார்கள். மலிவான மின்சாரம் வந்துசேர்வதற்குள் விலை ஏறிவிடும். 1998 ஜூன் கடைசியில் மத்திய மேற்கு மாநிலங்களில் வெயில் கொளுத்தியபோது, வழக்கமாக முப்பது நாற்பது டாலருக்கு விற்கும் ஒரு மெகாவாட்-மணி, அதாவது ஆயிரம் யூனிட், சில மணி நேரம் 7,500 டாலரைத் தொட்டது. மின்சாரம் வேறு எங்கேயும் இல்லாமல் போய்விடவில்லை. எங்கே இருக்கிறது, எந்த வழியில் கொண்டுவரலாம் என்று மொத்தமாகப் பார்க்க ஒரு கண் இல்லை.

பரப்பு போதாமல் போனால் திருடனுக்கு எவ்வளவு வசதி என்று கலிஃபோர்னியா காட்டியது. 1996 செப்டம்பரில் சட்டம், 1998 மார்ச் 31 முதல் வீடுகளுக்கும் தேர்வு உரிமை. கம்பிகளை இயக்கத் தனி அமைப்பு ஒன்றும் சந்தை ஒன்றும் ஏற்படுத்தினார்கள். சில்லறை விலையைக் கட்டிப்போட்டுவிட்டு மொத்த விலையை அவிழ்த்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. அது உண்மைதான். உச்சவரம்பு முதலில் நீங்கிய சான் டியேகோவில் 2000 கோடையில் பில் இரண்டு மடங்கானது. ஆனால் கம்பியின் கதை அதிகம் பேசப்படுவதில்லை. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் 'பாதை 15' என்ற இடத்தில் கம்பிகள் குறுகலாக இருந்தன. 2001 ஜனவரி 17, 18 தேதிகளில் தெற்கிலிருந்து போதிய மின்சாரத்தை அந்த வழியே மேலே அனுப்ப முடியாமல், வடக்கே பகுதி பகுதியாக விளக்கை அணைத்தார்கள்.

மின்சாரத்தை வாங்கி விற்ற என்ரான் நிறுவனத்தின் வியாபாரிகள் செய்த ஒரு வித்தை இருக்கிறது. 'டெத் ஸ்டார்' என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். நெரிசல் உள்ள கம்பியில் எதிர்த்திசையில் மின்சாரம் அனுப்புவதாகப் பதிவு செய்தால் நெரிசல் குறையும், அதற்குக் கலிஃபோர்னியா அமைப்பு பணம் தரும். இவர்கள் பதிவு செய்து பணத்தை வாங்கிக்கொண்டு, அதே மின்சாரத்தை அந்த அமைப்பின் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு கம்பிகள் வழியாகத் திரும்பவும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவருவதாக இன்னொரு பதிவு போட்டார்கள். மொத்தத்தில் ஒரு யூனிட்கூட உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு வட்டத்தின் ஒரு பாதிதான் தெரியும். மறுபாதி அடுத்தவன் நோட்டில் இருக்கிறது. 2001 ஏப்ரலில் வடக்கின் பெரிய விநியோக நிறுவனமான பசிஃபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் திவாலானது. செப்டம்பரில் வீட்டு வாடிக்கையாளரின் தேர்வு உரிமையையே நிறுத்திவைத்தார்கள்.

இதைப் பார்த்த தென்கிழக்கு மாநிலங்கள் சாமி கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டன. ஆணை எண் 2000 கட்டாயம் இல்லை, விருப்பம்தான். 2002இல் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சந்தை என்று ஆணையம் ஒரு திட்டத்தை முன்வைத்து, எதிர்ப்புத் தாங்காமல் 2005இல் கைவிட்டது. ஜார்ஜியா, அலபாமா, ஃபுளோரிடா பக்கம் இன்றுவரை இப்படி ஓர் அமைப்பு கிடையாது.

பி.ஜே.எம். மட்டும் தவறே செய்யாமல் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். 1997 ஏப்ரலில் ஏலச் சந்தையைத் திறந்தபோது வட்டாரம் முழுக்க ஒரே விலை என்றுதான் வைத்தார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே நிலக்கரி மின்சாரம் மலிவு, கிழக்கே கடற்கரை நகரங்களில் தேவை அதிகம், நடுவே மலையைக் கடக்கும் கம்பிகளுக்கு ஓர் அளவு உண்டு. கம்பி நிறைந்துவிட்டதை விலை சொல்லாததால் எல்லோரும் மேற்கிலிருந்தே அனுப்பப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டு அறை போனைப் போட்டு நிறுத்து நிறுத்து என்று கத்த வேண்டியதாயிற்று. ஒரே வருடத்தில், 1998 ஏப்ரல் முதல், இடத்துக்கு இடம் வேறு விலை என்று மாற்றினார்கள். கம்பி காலியாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே விலை. நிறைந்துவிட்டால் மேற்கே 25 டாலர், கிழக்கே 60 டாலர் என்று பிரியும். எங்கள் கதவைத் தட்டிய பையனின் முதலாளி உண்மையில் இந்தக் கிழக்கு விலையைத்தான் ஊகித்துக்கொண்டிருந்தார். அவரிடம் மின்நிலையமும் இல்லை, கம்பியும் இல்லை. ஓர் அலுவலகம், கொஞ்சம் கடன், நாளைய விலையைப் பற்றி ஒரு நம்பிக்கை.

பி.ஜே.எம். மேற்கே விரிந்ததில் ஒரு வேடிக்கை. 2004 மே மாதம் சிகாகோவின் மின்நிறுவனம் சேர்ந்தது. நடுவே ஓஹையோவில் கம்பி வைத்திருந்த பெரிய நிறுவனம் சேர அக்டோபர் ஆனது. எங்கள் மலிவான மின்சாரம் வெளியே போய்விடும் என்று வர்ஜீனியாவும் கெண்டக்கியும் முட்டுக்கட்டை போட்டிருந்தன. அந்த ஐந்து மாதம் சிகாகோ, தாய்வீட்டோடு 500 மெகாவாட் ஒற்றையடிப் பாதையால் இணைந்த தீவு மாதிரி இருந்தது.

எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை என்று அதற்கு முந்தைய வருடமே தெரிந்திருந்தது. 2003 ஆகஸ்ட் 14 இருட்டில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேர் சிக்கினார்கள். ஓஹையோவில் வெட்டாமல் விட்ட மரங்களில் கம்பி உரசியது, அங்கிருந்த நிறுவனத்தின் எச்சரிக்கைக் கணினி படுத்துவிட்டது என்பதெல்லாம் பிரபலம். எனக்கு மறக்காதது வேறு. அந்தப் பகுதியை மேற்பார்வை பார்த்த, மத்திய மேற்கு மாநிலங்களின் வட்டார அமைப்பினுடைய கணிப்பு மென்பொருள் அன்று மதியம் விடை தர மறுத்தது. முதல் கோளாறைச் சரிசெய்த பொறியாளர், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைத் தானாக ஓடவைக்கும் பொத்தானைத் திரும்பப் போடாமல் சாப்பிடப் போய்விட்டார். அதை நினைவுபடுத்தி ஓடவிட்ட பிறகும் விடை வரவில்லை. காரணம், இரண்டு மணி சுமாருக்கு இணைப்பு விட்டுப்போன ஸ்டூவர்ட்-அட்லாண்டா என்ற ஓஹையோ கம்பி. அது பி.ஜே.எம். பொறுப்பில் இருந்தது. மத்திய மேற்கு அமைப்பின் கணினிக்கு அது விட்டுப்போனது தெரியாது. கம்பி இருப்பதாகவே நினைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. மென்பொருள் எழுதுகிறவன் என்ற முறையில் அந்தப் பொறியாளரை என்னால் திட்ட முடியவில்லை. அந்த மாதிரிப் பொத்தான்களை நானும் மறந்திருக்கிறேன். நல்லவேளை, நான் மறந்தால் ஐந்து கோடிப் பேர் இருட்டில் இருப்பதில்லை.

சில்லறைப் போட்டி ஒழுங்காக நடப்பது எங்கே என்று கேட்டால் எல்லோரும் டெக்சாஸைக் காட்டுவார்கள். டல்லாஸில் இருக்கும் என் மைத்துனன் வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி மாற்றுவான். ராத்திரி கரண்ட் இலவசம் என்று ஒரு திட்டத்தில் சேர்ந்து, துணி துவைப்பதையெல்லாம் ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொண்டான். அங்கே 1999 சட்டம் நிறுவனங்களை மூன்றாக வெட்டியது: உற்பத்தி, கம்பி, விற்பனை. கம்பிக்காரன் விற்கவே கூடாது. 2001 ஜூலையில், பத்துத் துண்டுகளாக இயங்கிய கட்டுப்பாட்டை எர்காட் என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். அப்புறம்தான், 2002 ஜனவரி 1 முதல், வீடுகளுக்குத் தேர்வு உரிமை. வாடிக்கையாளர் மாறும் பதிவேடுகூட எர்காட்டிடம்தான். எந்த வரிசை என்று பாருங்கள்: முதலில் மடை, அப்புறம் வயல். மேற்கு டெக்சாஸின் காற்றாலைகளைக் கிழக்கு நகரங்களோடு சேர்க்க ஏறக்குறைய 3,600 மைலுக்குக் கம்பி போட்டு, அந்தச் செலவை எல்லா வாடிக்கையாளர் தலையிலும் சமமாக வைத்தார்கள். எழுநூறு கோடி டாலர் வாக்கில் ஆனது. அதையும் துணிந்து செய்தார்கள்.

ஆனால் அவர்களும் பரப்பில்தான் அடிவாங்கினார்கள். மத்திய ஆணையத்தின் கைக்குள் வரக்கூடாது என்று மாநில எல்லையைத் தாண்டிப் பெரிதாக எதையும் இணைக்காமல் வைத்திருந்தார்கள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் எரிவாயுக் குழாய்கள் உறைந்து நிலையங்கள் விழுந்தபோது, மொத்தக் கட்டமைப்பும் படுத்துவிட 4 நிமிடம் 37 நொடிதான் பாக்கி இருந்தது. பக்கத்து மத்திய மேற்கு அமைப்பு அதே குளிரில் கிழக்கேயிருந்து 13,000 மெகாவாட் அளவுக்கு வாங்கிச் சமாளித்தது. டெக்சாஸுக்கு வெளியிலிருந்து வர ஆயிரத்து இருநூறு மெகாவாட்டுக்குத்தான் வழி. மைத்துனன் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. போர்வைக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு போனில், "கம்பெனி நூறு இருக்கு மாமா, கரண்ட்டுதான் இல்ல" என்றான்.

எனக்கும் ஒரு சூடு உண்டு. பையன் பேச்சைக் கேட்டு மாறினேன் அல்லவா, முதல் வருடம் நிலையான விலை. அது முடிந்ததும் மாதத்துக்கு மாதம் மாறும் விலைக்குத் தானாகப் போய்விடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. 2014 ஜனவரியில் துருவக்காற்று இறங்கியது. ஜனவரி 7ஆம் தேதி பி.ஜே.எம். வட்டாரத்தில் உற்பத்தித் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஓட முடியாமல் நின்றது. மொத்த விலை எகிறியது, அடுத்த மாதம் என் பில்லும் எகிறியது. போன் செய்து மாற வேண்டும் என்றால், அடுத்த மீட்டர் ரீடிங்குக்கு அப்புறம்தான் முடியும் என்றார்கள். இன்னொரு மாதத் தண்டம். எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு இதே கதை. அந்தக் கூச்சலுக்குப் பிறகு மாநில ஆணையம் மூன்று வேலை நாளுக்குள் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது.

அந்தப் பில்லோடு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. வேலி ஃபோர்ஜில் இருந்தவர்கள் அன்றைக்கு விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வலித்தது விற்பனையாளர் பக்கத்தில். வட்டார அமைப்பைக் கட்டியதன் நியாயங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது சில்லறைப் போட்டி; இன்றைக்கு அந்த அமைப்பு நிற்கிறது, போட்டிதான் நொண்டுகிறது. கெண்டக்கியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் வீட்டுக்காரருக்குத் தேர்வு உரிமையே கிடையாது, ஆனாலும் அவர்களில் பி.ஜே.எம்.முக்குள் இருப்பவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள். கதவைத் தட்டும் பையன்கள் இல்லாமலும் மடைக்காவல் ஓடும். மடைக்காவல் இல்லாமல் பையன்கள் ஒரு நாள் தாங்க மாட்டார்கள்.

இந்தியாவில் 2003 மின்சாரச் சட்டம் இதில் பாதியைச் செய்தது. பெரிய கம்பி வைத்திருக்கும் நிறுவனம் மின்சார வியாபாரம் செய்யக்கூடாது என்றது. இயக்கும் வேலையும் 2017இல், பெரிய கம்பிகளை வைத்திருக்கும் மத்திய அரசு நிறுவனமான பவர்கிரிட்டிலிருந்து முழுதாகப் பிரிந்தது. தென்மாநிலங்கள் மற்ற நாட்டோடு ஒரே துடிப்பில் இணைந்தது 2013 டிசம்பர் 31 இரவு, ராய்ச்சூர்-சோலாப்பூர் கம்பியில். அதற்கு முன் வடக்கே உபரி இருந்தாலும் வழி குறுகல் என்பதால், மின்வெட்டுக் காலத்தில் எங்கள் பக்கத்து மில்லுக்காரர்கள் மின்சாரச் சந்தையான எக்ஸ்சேஞ்சில் கூடுதல் விலை கொடுத்தும் கேட்டது கிடைக்காமல் டீசலை எரித்தார்கள். அப்பா அன்றிரவு போனில், "சேத்துட்டாங்கடா" என்று மட்டும் சொன்னார். யாருக்கோ கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது குரல்.

2025 ஜூனில் என் பில் மறுபடி ஏறியது. 2024 ஜூலையில் பி.ஜே.எம். நடத்திய திறன் ஏலத்தில், தேவைப்படும்போது ஓடத் தயாராக இருப்பதற்கான விலை, மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலராகத் தாவியது. தரவு மையங்கள் ஒரு பக்கம் முளைக்கின்றன, பழைய நிலையங்கள் ஒரு பக்கம் மூடப்படுகின்றன, புது நிலையங்கள் இணைப்புக்கு வருடக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையை வைத்திருப்பதும் பி.ஜே.எம்.தான் என்பதால், இந்தத் தடவை அவர்களையும் விட்டுவிட முடியாது. பென்சில்வேனியா ஆளுநர் ஷபிரோ புகார் கொடுத்து, அடுத்த ஏலங்களுக்கு ஓர் உச்சவரம்பு வாங்கிவந்தார். நான் எந்த விற்பனையாளரிடம் இருந்தாலும் இந்தத் தொகை வரும். எல்லோரும் வாங்குவது அதே இடத்தில்தானே.

அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை மறுபடி கதவு தட்டப்பட்டது. இந்தத் தடவை ஒரு பெண், கையில் டேப்லட். அம்மா இப்போது ஊரில் இருக்கிறார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வாங்கிக் குடித்தாள். பில்லைக் காட்டச் சொன்னாள். பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகு விலை என்ன ஆகும் என்று கேட்டேன். டேப்லட்டில் தேடினாள், கிடைக்கவில்லை. வண்டியில் சூப்பர்வைசர் இருக்கிறார், கேட்டுவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனாள்.